வெடித்த பின் மிஞ்சும் தாள்

திருத்தங்கலில் ரயில் நிற்கும். விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போகும் பாதையில் சிவகாசிக்கு முந்தைய நிலையம் அது. இறங்கினால் குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாளைச் சேவிக்கலாம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. சேவித்துவிட்டுச் சாலைக்கு வந்தால் பட்டாசுக் கடைகள். ஆனால் அங்கே வாங்கியதை வந்த ரயிலிலேயே கொண்டுபோக முடியாது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் வெடிபொருளோடு பயணம் செய்வதைத் தடுக்கிறது. அதன் 164-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விமானத்திலும் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியைக்கூட ஏற்ற விடமாட்டார்கள்.

வெளியூர் போனால் அந்த ஊர்ப் பொருள் ஒன்று இல்லாமல் வீடு திரும்புவதில்லை நாம். பழனிக்குப் போனவர் பஞ்சாமிர்தம் வாங்காமல் வரமாட்டார். திருநெல்வேலிக்குப் போனவரிடம் அல்வா எங்கே என்று வீட்டில் கேட்பார்கள். தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை, பத்தமடையில் பாய், மாமல்லபுரத்தில் ஒரு கைப்பிடியளவு கற்சிலை. அப்படியானால் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை என்று விரியும் இந்தக் கரிசல் வட்டாரத்துக்கு வருகிறவர் எதை எடுத்துச் செல்கிறார்? எதை எடுத்துச் செல்லலாம்? பட்டாசு என்று உடனே பதில் வரும். பட்டாசு நல்ல சரக்கு. இந்த வட்டாரத்தின் சோறே அதுதான். ஆனால் ஓர் இரவில் தீர்ந்துபோகிற பொருள் ஊரை நினைவில் வைத்திருக்காது. இங்கிருந்து நிலையாக எடுத்துச் செல்லத்தக்கது பட்டாசைச் சுற்றியிருக்கும் தாள் என்பதே என் கருத்து. லேபிள், சாமி படம், காலண்டர் அட்டை, தீப்பெட்டியின் முகப்பு ஆகியவற்றைச் சொல்கிறேன். அவற்றை நாமே குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் இங்கே இப்போது நடக்கும் கடைவீதி வேலையைப் பார்ப்போம். ஆடிப் பதினெட்டுக்குப் பூசை போட்டுப் பல கடைகள் பருவத்தைத் தொடங்கும். புரட்டாசி பிறந்ததும் கர்நாடக, கேரளப் பதிவெண் வண்டிகள் சாலையோரங்களில் நிற்கத் தொடங்கும். கடைக்காரர் முதலில் கையில் தருவது விலைப்பட்டியல். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு பெரிய விலையும் பட்டியலின் தலையில் ஒரு பெரிய தள்ளுபடியும் அச்சாகியிருக்கும். எழுபது, எண்பது சதவீதத் தள்ளுபடி என்பது இங்கே சாதாரணம். புதிதாக வருகிறவர் அதைக் கண்டு மலைத்துப்போவார். பழகியவர் தள்ளுபடியைப் பார்ப்பதே இல்லை. கழித்த பின் ஒரு பெட்டி புஸ்வாணம் என்ன விலை, அடுத்த கடையில் என்ன விலை என்று மட்டும் கேட்பார். வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பயனுள்ள யோசனையும் அதுதான்: தள்ளுபடியை மறந்துவிட்டுக் கடைசித் தொகையை ஒப்பிடுங்கள். பசுமைப் பட்டாசுக்கான முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். கிஃப்ட் பாக்ஸ் வாங்கினால் எத்தனை வகை என்ற எண்ணிக்கையில் மயங்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். குருவி வெடியும் சீனி வெடியும் சேர்ந்தால் எண்ணிக்கை எளிதாக ஏறிவிடும்.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் தந்த தீர்ப்பு இந்தக் கடைவீதியின் முகத்தையே மாற்றியது. பேரியம் உப்புகள் கூடாது, சரவெடி கூடாது, உரிமம் பெற்ற கடைகளில் மட்டுமே விற்க வேண்டும், இணையத்தில் விற்கக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை ஒரு மணி நேரமும் இரவு ஒரு மணி நேரமும்தான் வெடிக்கலாம் என்ற ஏற்பாடு அதன் தொடர்ச்சியாக வந்தது. இணைய விற்பனைக்குத் தடை இருந்தும் ஒவ்வொரு ஆண்டும் சிவகாசிக் கடை என்று சொல்லிக்கொள்ளும் போலி இணையதளங்களில் பணம் கட்டி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். நேரில் வந்து வாங்குவதற்கு இருக்கும் மதிப்பு இதனாலும் கூடியிருக்கிறது. சொந்த வண்டியில் வராதவர்கள் லாரி செட்டில் பார்சல் போட்டுவிட்டு வெறுங்கையோடு ரயில் ஏறுகிறார்கள்.

நேரில் வாங்குவதிலும் ஆபத்து உண்டு. அதை மறைத்து எழுதுவது சரியல்ல. 2023 அக்டோபர் 17-இல் சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் ஆலையை ஒட்டிய பட்டாசுக் கடையில் தீப்பிடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாதிரிக்கு வெடித்துப் பார்த்தபோது சிதறிய பொறி உள்ளே போனதே காரணம் என்று செய்திகள் சொல்லின. வாங்க வருகிறவர் “ஒன்று கொளுத்திக் காட்டுங்கள்” என்று கேட்பது இயல்புதான். ஆனால் சரக்கு குவிந்திருக்கும் இடத்தின் பக்கத்தில் அதைக் கேட்கக் கூடாது, கேட்டாலும் கடைக்காரர் இணங்கக் கூடாது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது உயிர்கள் போன பிறகும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது வேதனை.

சீனச் சரக்கு வேறு கதை. இந்தியாவில் குளோரேட் கலந்த பட்டாசு 1992 முதல் தடை செய்யப்பட்டது. சீனப் பட்டாசில் அது இருப்பதால் விலை குறைவு, ஆபத்து அதிகம். முறையான உரிமத்தோடு அது வருவதில்லை. வேறு பொருள் என்று எழுதிக் கொள்கலனில் ஏற்றி வந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் பிடிபட்ட செய்திகள் உண்டு. தீப்பெட்டிக்கும் இதே நெருக்கடி. ஒருமுறை பயன்படுத்தி எறியும் சீன லைட்டர் வந்து கோவில்பட்டி, சாத்தூர்த் தீப்பெட்டி ஆபீஸ்களை ஆட்டியது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு 2023 ஜூனில்தான் தடை செய்தது.

பட்டாசை விட்டால் அடுத்த பதில் தின்பண்டம். திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. சாத்தூர்ச் சேவுக்கு அந்தச் சான்று தேவையே இல்லை, நாக்கே சாட்சி. வாங்கிப் போய் உறவினருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் இவற்றில் எதுவும் சிவகாசியின் பொருள் அல்ல, எல்லாம் பக்கத்து ஊர்களுடையவை. ஒரு வாரத்துக்குமேல் அலமாரியில் இருக்கப் போவதுமில்லை.

அலமாரியில் இருக்கும் பொருள் வேண்டுமென்றால் நம் மக்கள் கடற்கரைக்குத்தான் போகிறார்கள். கன்னியாகுமரியிலும் ராமேசுவரத்திலும் கோயிலைச் சுற்றிச் சிப்பி மாலை, சங்கு, சிப்பி ஒட்டிய கண்ணாடிச் சட்டம், பெயர் எழுதித் தரும் சோழி என்று கடைகள் நீள்கின்றன. கன்னியாகுமரியில் வண்ண மணலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். மணப்பாட்டில் செய்யும் பனையோலைப் பெட்டிகள் இந்தக் கூட்டத்தில் மிக அழகானவை. அவற்றை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி. சிப்பியும் சங்கும் வாங்குகிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பவளப் பாறைத் துண்டும் கடற்குதிரையும் சில வகைச் சங்குகளும் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. காய்ந்து வெளுத்த பவளம் கண்ணாடிப் பேழைக்குள் அழகாக இருக்கும். அது உயிரோடு இருந்த இடத்தில் மீன் குஞ்சு பொரித்தது என்பதை வாங்குகிறவர் நினைத்துப் பார்த்தால் கை தானாகப் பின்வாங்கும்.

கடல் சங்கு கரிசல் மண்ணுக்குப் புதிதல்ல. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்து உச்சிமேட்டில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களும் அறுபட்ட சங்குத் துண்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே வந்த சங்கை இங்கே உட்கார்ந்து அறுத்து வளையலாக்கியிருக்கிறார்கள். அதைச் செய்த ஊர் இப்போது பட்டாசு ஆலைகளால் சூழப்பட்டிருக்கிறது. மூலப்பொருள் வெளியிலிருந்து வரும், கைவேலை இங்கே நடக்கும், செய்த பொருள் வெளியே போகும் என்ற இந்த வட்டாரத்துப் பிழைப்பு முறை எவ்வளவு பழையது என்று அந்தக் குழிகளில் தெரிகிறது. அந்த வளையல்களைப் போலச் செய்து அகழாய்வுத் திடலருகே விற்றால் நல்லது என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் இன்றைய சிவகாசிக்கு மிக நெருங்கிய கைவேலை அதுவல்ல, அச்சு.

இங்கே அச்சுத்தொழில் வளர்ந்த வரலாறு பலருக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதன் வரிசையைக் கவனிக்க வேண்டும். ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த இந்த மண்ணில் பசையும் மருந்தும் சீக்கிரம் காய்ந்தன. விவசாயம் பொய்த்த வீடுகளில் வேலைக்கு ஆள் இருந்தது. தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்பு வந்தது. மத்தாப்பிலிருந்து பட்டாசு வந்தது. அதுவரை சீனாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த பட்டாசு இரண்டாம் உலகப் போரில் தடைப்பட்டபோது சிவகாசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்த வரிசையில் எப்போதும் நடுவில் நின்றது லேபிள். பெட்டிக்குள் இருக்கும் குச்சி எல்லாக் கம்பெனிக்கும் ஒரே குச்சிதான். வாங்குகிறவர் படத்தைப் பார்த்துத்தான் கேட்பார். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியும் அணில் மார்க், சேவல் மார்க் என்று கடையில் கேட்டு வாங்க முடிந்தது. ஆகவே தீப்பெட்டி ஆபீஸுக்கு அச்சாபீஸ் தேவைப்பட்டது. லேபிளுக்காக வந்த இயந்திரங்கள் பிறகு காலண்டர், நாட்குறிப்பு, நோட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, லாட்டரிச் சீட்டு என்று எல்லாவற்றையும் அடித்தன. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டபோது இங்கே பல இயந்திரங்கள் வேறு வேலை தேட வேண்டியிருந்தது.

ஈரம் குறைந்த காற்று அச்சுக்கும் உதவியது. பல வண்ணப் படம் அடிக்கும்போது ஒரு நிறம் அடித்த தாள் அடுத்த நிறத்துக்குப் போவதற்குள் ஈரத்தில் விரிந்துவிட்டால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. முருகனின் உதடு கன்னத்துக்கு நகர்ந்துவிடும். இங்கே அந்தத் தொல்லை குறைவு.

இந்தத் தாள்களுக்குப் பின்னால் ஒரு பெரிய ஓவிய மரபு இருக்கிறது. மயிலாப்பூரில் 1898-இல் பிறந்து, சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, ரமணாசிரமத்தில் தங்கி, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் ஊன்றிய சி. கொண்டையராஜுவின் சாமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டுப் பூசையறைகளுக்குள் நுழைந்தன. 1976-இல் அவர் மறைந்தார். டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் முதலிய அவருடைய மாணாக்கர்கள் அந்தக் கையைத் தொடர்ந்தார்கள். மீனாட்சி கல்யாணமோ கஜலட்சுமியோ முருகனோ என்று நாம் கண்ணை மூடினால் தெரியும் உருவத்தின் கன்னச் சிவப்பும் நகை வேலையும் பின்னால் மங்கும் வானமும் பெரும்பாலும் நாடகத் திரையிலிருந்து இந்தப் படங்களுக்கு வந்தவை. இதை நாம் பேசியதைவிட வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதிகம் பேசியிருக்கிறார்கள். ஸ்டீபன் இங்லிஸ் கொண்டையராஜுவைப் பற்றி ஆய்ந்தார். கஜ்ரி ஜெயின் 2007-இல் வெளியிட்ட நூலில் இந்தியக் காலண்டர்ப் படங்களைப் பற்றி எழுதியபோது சிவகாசிக்கு முக்கிய இடம் தந்தார்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. பழனி அடிவாரத்தில் வாங்கும் முருகன் படமும் சபரிமலைப் பாதையில் வாங்கும் ஐயப்பன் படமும் மதுரைப் புதுமண்டபத்துப் பக்கம் வாங்கிய மீனாட்சி படமும் சிவகாசியில் அச்சானவையாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். மற்ற ஊர்களின் நினைவுப் பொருளையெல்லாம் அடித்துக் கொடுக்கும் ஊர் தனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாளருக்குக் கொடுப்பதே இங்கே தொழில். தனக்கென்று வைப்பதில் லாபம் இல்லை என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை அச்சகங்கள் வெளியிடும். முகவர்கள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போவார்கள். நூறு படங்களுக்குமேல் தடித்த அட்டைகளுக்கு நடுவே கோத்திருக்கும் அந்த ஆல்பம் ஒரு வருடத்து மக்கள் ரசனையின் முழுப் பதிவு. எந்தக் கடவுளுக்கு எத்தனை பக்கம், எந்த நடிகருக்கு, எந்த மலைக் காட்சிக்கு, எந்தக் குழந்தைப் படத்துக்கு என்று எண்ணிப் பார்த்தால் ஒரு சமூக வரலாறே எழுதலாம். அடுத்த ஆடி வந்ததும் பழைய ஆல்பம் எடைக்குப் போகிறது.

பட்டாசும் தீப்பெட்டியும் செய்த இன்னோர் ஊர் கடலோரத்தில் இருந்தது. சீனத்தின் தென்கரையில், போர்ச்சுக்கீசியர் ஆண்ட மக்காவ். தீப்பெட்டி, ஊதுவத்தி, பட்டாசு மூன்றும் அந்த ஊரின் மரபுத் தொழில்கள் என்றே சொல்வார்கள். ஊதுவத்தியை நீக்கினால் நம் ஊர்தான். அங்கும் வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் திரி பின்னினார்கள். அங்கும் ஆலைகள் வெடித்து ஆட்கள் செத்தார்கள். அதனாலேயே ஆலைகளைப் பெருமளவில் தைப்பா தீவுக்குத் தள்ளினார்கள். முதல் பெரும் சந்தை அமெரிக்கா. 1950-இல் கொரியப் போரையொட்டி அமெரிக்கா சீனப் பொருள்களைத் தடை செய்தபோது மக்காவில் செய்தது என்ற எழுத்து லேபிளில் பொன்னாயிற்று. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தடை நீங்கியதும் பெருநிலச் சீனத்தின் மலிவுச் சரக்கோடு மக்காவ் போட்டியிட முடியவில்லை. எண்பதுகளுக்குள் ஆலைகள் மூடின.

அதற்குப் பின் நடந்ததுதான் நமக்குப் பாடம். பூனை, ஒட்டகம், வௌவால், தேவதை என்று மக்காவ் லேபிள்களில் இருந்த படங்களை அமெரிக்காவில் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். மக்காவ் என்று எழுதியிருக்கிறதா, சீனா என்று எழுதியிருக்கிறதா, எச்சரிக்கை வாசகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத் தாளின் வயதைக் கணிக்கும் கலையே உருவானது. தைப்பாவில் இடிந்து காடு மண்டிக் கிடந்த இயெக் லோங் பட்டாசு ஆலையை அரசு சீர்செய்து 2022-இல் மக்கள் நடந்து பார்க்கத் திறந்துவிட்டது. அதன் பக்கத்திலேயே குன்யா தெரு. பாதாம் பிஸ்கட்டும் இறைச்சி வற்றலும் விற்கும் கடைகள். பயணி பிஸ்கட் வாங்குகிறார், ஆலையின் தடித்த சுவர்களுக்கு நடுவே நடக்கிறார், பழைய லேபிளைப் பார்க்கிறார். திருவில்லிபுத்தூர் பால்கோவாவையும் சிவகாசியையும் ஒரே மாலையில் பார்ப்பதற்கு இது சமம். வேறுபாடு ஒன்றுதான். அங்கே தொழில் செத்து நாற்பதாண்டு கழித்துத்தான் அதை நினைவாக்கினார்கள். இங்கே தொழில் உயிரோடு இருக்கிறது, செய்தவர்களும் இருக்கிறார்கள்.

தமிழருக்கும் சீனக் கடற்கரை நகரங்களுக்கும் இருந்த பழைய போக்குவரத்தும், மதிக்காமல் விட்ட பொருளே நிலைக்கிறது என்பதை வேறு விதத்தில் காட்டுகிறது. சுவான்சௌ துறைமுகத்தில் 1281-இல் வெட்டிய தமிழ்–சீனக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கிருந்த சிவன் கோயிலின் சிற்பத் துண்டுகள் இன்றும் அந்த நகரில் உள்ளன. மறுமுனையில், ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் தோண்டினால் சீனப் பீங்கான் உடைசல்கள் கிடைக்கின்றன. வணிகர் கணக்கெழுதி மதித்தது பட்டும் மிளகும் கற்பூரமும். பட்டு இற்றது, மிளகைத் தின்றார்கள், கற்பூரம் கரைந்தது. சரக்கோடு சரக்காக வந்த பாத்திரம் உடைந்து மண்ணில் கிடந்து, இன்று நமக்கு அந்த வரலாற்றைச் சொல்கிறது. எந்தப் பொருள் நிலைக்கும் என்பதை விற்ற காலத்து விலை தீர்மானிப்பதில்லை.

தீப்பெட்டி லேபிளுக்கும் வயது கணிக்க வழி உண்டு. தீப்பெட்டிக்கு 1934-இல் உற்பத்தி வரி வந்தது. வரிப்பட்டி ஒட்டிய பெட்டிகள் நெடுங்காலம் இருந்தன. சராசரி எத்தனை குச்சிகள் என்ற எழுத்து மாறிக்கொண்டே வந்தது. விலையும் மாறியது: 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய், 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். ஒரு தலைமுறைக்கு முன்வரை இங்கே பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் சேர்த்தார்கள். சீட்டுக்குப் பதில் அதை வைத்து விளையாடினார்கள். அரிய படத்துக்குச் சாதாரணப் படம் பத்து கேட்பார்கள். உலகெங்கும் தீப்பெட்டி லேபிள் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இந்திய லேபிளுக்கு அவர்களிடம் தனி மதிப்பு. நம் ஊர்ச் சிறுவன் வீதியில் பொறுக்கியது அவர்கள் ஆல்பத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஒரு மறுப்பை நான் எதிர்கொள்ள வேண்டும். அந்த அழகான லேபிள்களைப் பெட்டியில் ஒட்டியவை யாருடைய கைகள்? எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விடியுமுன் ஆபீஸ் வேன் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது இந்த வட்டாரம் மறக்க முடியாத உண்மை. சிவகாசிச் சிறார் உழைப்பு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பளித்து, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. லேபிளைச் சட்டம் போட்டு விற்கும்போது இதை மறைத்தால் அது நினைவுப் பொருள் ஆகாது, விளம்பரம் ஆகும். அட்டையின் பின்புறத்தில் இந்தத் தீர்ப்பையும் நான்கு வரியில் அச்சிட வேண்டும் என்பேன். வாங்குகிறவர் தாங்குவார், இங்கே பிறந்தவர்களும் தாங்குவார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று தாத்தா பாட்டி. தங்கள் கதை அச்சேறுவதை அவர்கள் வெறுக்க மாட்டார்கள்.

இன்னொரு மறுப்பு: சாமி படத்தை, வெடிப்பெட்டித் தாளை, கலையாக விலைக்கு வைப்பது சரியா? வைக்கலாம். கும்பிடுகிற படம் பூசையறைக்குப் போகட்டும், அதில் யாரும் குறுக்கிடவில்லை. ஆனால் கல்லில் படம் ஏற்றி அடிக்கும் கல்லச்சில் வந்த பழைய லேபிளின் வரைகோட்டைப் பாருங்கள். ஒரு விரல் நீளத் தாளில் மயிலின் ஒவ்வொரு பீலியையும் தனித்துத் தெரியவைத்த கை எளிய கையல்ல. நான்கே நிறத்தில் அந்தி வானம் வர வேண்டும், மங்கிய விளக்கொளியில் பெட்டிக்கடைத் தட்டில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும், பக்கத்துக் கம்பெனி மார்க்கைப்போல இருக்கவும் வேண்டும், வழக்கு வராத அளவுக்கு வேறாக இருக்கவும் வேண்டும். இத்தனை நிபந்தனைகளுக்குள் நின்று அழகாக வரைந்தவர்களைக் கைவினைஞர் வரிசையில்கூட நாம் சேர்க்கவில்லை.

தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்று ஒரு சங்கப் புலவர் உண்டு. அந்தத் தங்கால் திருத்தங்கலே என்று அறிஞர்கள் கொள்வர். பொன்வேலை செய்த ஒருவருடைய ஊரும் தொழிலும் பெயரும் சேர்ந்து இன்றுவரை வந்திருக்கின்றன. காலண்டர் ஓவியத்தில் கொண்டையராஜு போன்றோரின் கையொப்பமாவது இருந்தது. லேபிள் வரைந்தவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

செய்யக்கூடியது பெரிய காரியம் அல்ல. சிவகாசியும் திருத்தங்கலும் 2021-இல் சேர்ந்து ஒரே மாநகராட்சியாகிவிட்டன. பட்டாசு வாங்க வருகிற கூட்டம் எந்தச் சாலையில் நிற்கிறது என்று மாநகராட்சிக்குத் தெரியும். அங்கே ஒரு கூடத்தில் பழைய லேபிள்களையும் ஆல்பங்களையும் கல்லச்சுக் கல்லையும் வைக்கலாம். நல்ல காகிதத்தில் மறு அச்சு எடுத்து விற்கலாம். அச்சிடும் திறமை பக்கத்துத் தெருவில் இருக்கிறது. தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்கள் தஞ்சாவூர்த் தட்டையும் சுவாமிமலைச் சிலையையும் வைத்திருப்பது போல இதையும் வைக்கலாம். இது ரயிலிலும் போகும், விமானத்திலும் போகும், தபாலிலும் போகும்.

உரிமைச் சிக்கல் ஒன்று மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டியது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் ஆயுளுக்குப் பின் அறுபது ஆண்டு உரிமை நீடிக்கும். கொண்டையராஜு படங்களுக்கு அது 2036 முடியும்வரை. அவற்றை மறு அச்சிட உரிமையாளரின் இசைவு வேண்டும். ஓவியர் பெயர் தெரியாத படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு கணக்கு. ஆகவே அறுபதுகளின் தொடக்கம் வரையிலான பெயரற்ற லேபிள்கள் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். வணிகக் குறி இன்னும் உயிரோடு இருக்கும் கம்பெனிகளிடம் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டால் தர மறுக்கும் ஊர் இதுவல்ல.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது காத்திருக்காது. கல்லச்சுக் காலத்தில் படம் வரைந்தவர்கள், கல்லில் ஏற்றியவர்கள், நிறம் பிரித்தவர்கள் சிலர் இன்னும் சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் திருத்தங்கலிலும் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறார்கள். கைவசம் உள்ள லேபிள்களை அவர்கள் முன் பரப்பி, எது யார் வரைந்தது என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரை அந்தந்தத் தாளின் அடியில் எழுதிவைக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் தொடங்கிவிடக்கூடிய வேலை அது.